பால்மரம் சிவக்கும் மாதம்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

வெள்ளி, இரவு

ஈப்போவைத் தாண்டியதும் ரயில் ஜன்னலுக்கு வெளியே ஊர் குறைந்து மலை கூடியது. செங்குத்தான சுண்ணாம்புக் குன்றுகள், அவற்றின் அடிவாரம் வரை பாமாயில் தரும் செம்பனை, நடுவே திடீரென்று ஒரு சிறிய கோயில் கோபுரம். சுங்கை சிப்புட் நிலையத்தில் என்னோடு இறங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கிள்ளானிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நிலக்காட்சிப் படம் எடுக்கச் சொல்லித்தரும் பாடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் வருவதெல்லாம் பனிமலை, நீண்ட அந்திப்பொழுது, வறண்ட குளிர்காற்று. நம் ஊரில் காற்றே ஈரம், சூரியன் சட்டென்று ஏறிவிடும், எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை. இந்த வெளிச்சத்திலேயே பல வருடம் படம் எடுத்தவர்களிடம் கற்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அத்தை மகன் இந்த ஊரில் மூன்று பேரிடம் சொல்லி வைத்திருந்தான். ஒருவர் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் ஸ்டுடியோ அண்ணன். இன்னொருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஊரே அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறது. மூன்றாமவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் தம்பி, தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்.

“காமிரா பையிலேயே இருக்கட்டும் தங்கச்சி, வாங்க நடப்போம்” என்றார் அண்ணன். ஊர் திடலுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்தினார். கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். “சூரியன் எங்க வருதுன்னு எல்லாரும் பாக்குறாங்க. வெளிச்சம் எங்க முதல்ல விழுதுன்னு பாருங்க.” கிழக்கு மலை உயரமாக இருப்பதால் சூரியன் உதித்த பிறகும் பள்ளத்தில் கொஞ்ச நேரம் நிழல்தான் நிற்கும். அந்த நேரத்தில் மேற்கேயுள்ள குன்றுகளின் உச்சி மட்டும் பொன்னாகும். படம் அங்கே இருக்கிறது, நாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

பிப்ரவரியில் இங்கே சூரியன் உதிப்பது ஏழரை மணி வாக்கில். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து நமக்கு விடியல் தாமதம்தான். அதனால் படம் எடுப்பவருக்கு அகாலத்தில் எழ வேண்டிய அவசியமில்லை. ஆனால் நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராக மேலே ஏறுகிறது. வானம் நன்றாக வெளுக்கத் தொடங்கி 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சூரியன் வந்துவிடும். இளவெயிலின் பொன்னிறமும் அதிக நேரம் தங்காது. நார்வேக்காரர் மணிக்கணக்கில் இடம் தேடி அலையலாம். நாம் முந்தின நாளே இடத்தைத் தேர்ந்து, முக்காலியை எங்கே ஊன்றுவது என்பதுவரை முடிவு செய்திருக்க வேண்டும். இன்று மாலை முழுக்க அதைத்தான் செய்தோம்.

கிளம்பும்போது அண்ணன் இன்னொன்றும் சொன்னார். காமிராவை ஏர்கோன் அறையில் வைக்கக்கூடாது. குளிர்ந்த கண்ணாடி விடிகாலை ஈரக்காற்றில் பட்டவுடன் ஆவி படியும், அது தெளிய 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் வெளிச்சம் போய்விடும். எனவே இப்போது என் பை கூடத்தில், ஜன்னலோரம் இருக்கிறது.

சனி

இன்றைய நாள் முழுக்க எழுதினாலும் தீராது.

விடிவதற்கு முன்பே தம்பி காடியோடு (காரோடு) வந்துவிட்டார். ஆளுக்கொரு கோப்பியைக் குடித்துவிட்டு, தார்ச் சடக்கை விட்டு மண்பாதையில் இறங்கினோம். போனது ஒரு சின்னத் தோட்டம், சில ஏக்கர் பழைய பால்மரம், அதாவது ரப்பர். சுற்றிலும் எல்லாம் செம்பனையாகிவிட, இது மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த மாதத்தில் வரச்சொன்னதே இதற்காகத்தான். வருட ஆரம்பத்து வறண்ட நாட்களில் பால்மரம் இலை உதிர்க்கும். உதிர்வதற்கு முன் இலை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சிவந்துவிடும். சில வாரங்கள்தான், அதற்குள் துளிர் விட்டுவிடும். இலை இல்லாத அந்த இடைவெளியில் மற்ற மாதங்களில் இருட்டாக இருக்கும் தோட்டத்தின் தரைவரை வெளிச்சம் இறங்குகிறது.

பள்ளத்தில் பனி நின்றது. மரங்கள் நிரை நிரையாக அதற்குள் போய் மறைந்தன. நான் நிரைக்கு நடுவில் முக்காலியை வைத்தேன். இரண்டு பக்கமும் மரம், நடுவே பாதை, தூரத்தில் ஒரு புள்ளியில் எல்லாம் சேர்கிறது. “நல்லா இருக்கு. இப்ப ரெண்டடி எடுத்து வச்சு, குறுக்கால பாருங்க” என்றார் சார். குறுக்காகப் பார்த்தபோது பாதை காணாமல் போனது. மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கடுக்காக வந்தன. முன்னால் உள்ளவை கறுப்பு, அடுத்தவை சாம்பல், அதற்கும் பின்னால் வெள்ளையில் கரைந்த கோடுகள். அகலக் கோண லென்ஸைக் கழற்றிவிட்டு 70-200ஐப் போடச் சொன்னார். தூரத்து லென்ஸ் இந்த அடுக்குகளை நெருக்கிக் கொண்டுவரும், பனி அவற்றைப் பிரித்துக் காட்டும். இந்த இரண்டும் சேரும்போதுதான் படத்தில் ஆழம் தெரிகிறது.

பனியில் காமிராவின் வெளிச்ச அளவுமானியை அப்படியே நம்பக்கூடாது. அது பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக எடுத்துக்கொள்ளும், வெள்ளைப் பனியும் அழுக்காக வரும். முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு வெளிச்சம்) கூட்டி வைத்து, ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் வலது ஓரத்தை முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8 அல்லது 11. முன்னாலிருந்து பின்னால்வரை தெளிவு வேண்டுமென்று எஃப் 22க்குப் போனால் சிறிய துளையில் ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கிவிடும். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் நடுக்கம் தடுக்கும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். இதையெல்லாம் நான் ஏற்கனவே படித்ததுதான். ஆனால் பனி விலகிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று மெதுவாகச் சொல்லக் கேட்பது வேறு.

அப்போது தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓர் அக்கா வந்தார். தோட்டம் அவர் குடும்பத்துடையது. இலை உதிரும் சமயத்தில் பால் குறைந்துவிடும் என்பதால் பாதி மரங்களை ஓய்வு விட்டிருக்கிறார். இன்னும் இலை நிற்கும் மரங்களை மட்டும் இந்த வாரம் வெட்டிவிட்டு, புதுத் தளிர் முற்றும்வரை நிறுத்திவிடுவாராம். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருப்பது அப்போதுதான். கத்தி இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்க, கோட்டின் வழியே பால் பீலிக்கு வந்து மங்குக் கிண்ணத்தில் சொட்டியது.

எந்த நாளில் பனி நிற்கும் என்று அவரிடம் கேட்டேன். “சாயங்காலம் மழை பேஞ்சு, ராத்திரி நட்சத்திரம் நல்லா தெரிஞ்சுச்சுன்னா, காலையில அந்தப் பள்ளத்துல கண்டிப்பா நிக்கும்மா. காத்து அடிச்சா நிக்காது.” வானிலைப் புத்தகம் சொல்வதும் இதுதான். மேகமில்லாத இரவில் நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும், மழை விட்டுப்போன ஈரம் அதில் பனியாகும். வருடக்கணக்கில் இருட்டில் இந்தப் பாதையில் நடந்த அக்காவுக்கு எந்த மரத்தடியில் பனி கடைசியாகக் கலையும் என்பது வரை தெரிந்திருக்கிறது. அந்த மரத்தைக் கையால் காட்டினார். அங்கே போய் நின்றோம். ஏழே முக்காலுக்கு மேல் கிழக்கு மலையைத் தாண்டி வந்த முதல் கதிர், மிச்சமிருந்த சிவந்த இலைகளுக்குப் பின்னாலிருந்து பாய்ந்தது. மற்ற இடமெல்லாம் பனி விலகியிருக்க, அங்கே மட்டும் ஒளி கோடு கோடாக இறங்கியது. இன்று எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் அது. அதைக் கற்றுக்கொடுத்தது அக்காதான் என்று இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

சாருக்கு ஒரு விதி உண்டு. வேலை செய்பவர் படச்சட்டத்துக்குள் வந்தால், எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும், முதலில் கேட்க வேண்டும், எடுத்த பிறகு காட்ட வேண்டும். அக்கா சம்மதித்தார். தன் படம் ஒன்றும் கேட்டார், வேலை செய்கிற மாதிரி இல்லாமல், மரத்தோடு சும்மா நிற்கிற மாதிரி. எடுத்தேன்.

பசியாறிவிட்டு வெயில் ஏறியபின் அண்ணனின் ஸ்டுடியோ. அங்கே சார் ஒரு கோப்பைத் திறந்தார். ஒரே மேட்டில் நின்று, ஒரே திசையைப் பார்த்து, ஆண்டுக்கொரு முறை எடுத்த படங்கள். முதல் படம் கறுப்பு வெள்ளை: அடர்ந்த பால்மரம், லயங்களின் தகரக் கூரை வரிசை, ஓரத்தில் மாரியம்மன் கோயில். சில படங்கள் தள்ளி மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. அடுத்தடுத்த படங்களில் முழங்கால் உயரச் செம்பனை, பிறகு ஆள் உயரம், பிறகு கூரை உயரம். லயம் ஒவ்வொரு வரிசையாகக் குறைகிறது. கோயில் மட்டும் அதே இடத்தில். கடைசிப் படங்களில் செம்பனையும் பாதி போய், தாமான் குடியிருப்பு வீடுகளின் ஓட்டுக்கூரை.

எல்லாப் படத்தின் பின்னாலும் சார் பென்சிலில் குறிப்பு எழுதியிருக்கிறார். பக்கத்து ஊர் கோலகங்சாரில் 1877-இல் ஊன்றிய பால்கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்பது பற்றி ஒன்றில். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, நாடு முழுக்க அவசரகாலம் வந்தது பற்றி இன்னொன்றில். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளிகளே சேர்ந்து நிலம் வாங்கட்டும் என்று, இந்த ஊரில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது பற்றி வேறொன்றில். “படத்துல நிலம் அழகா இருக்கும்மா. யாரு நிலம், யாரு நட்டாங்கன்னு பின்னால எழுதலைன்னா பாதி படம்தான்.”

எனக்கு அந்தக் கோப்பை விட்டு எழ மனமில்லை. தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் பல சாதாரணப் படங்கள், உச்சி வெயிலில் எடுத்தவைகூட உண்டு. சேர்த்துப் பார்க்கும்போது நெஞ்சு கனத்துவிட்டது.

ஞாயிறு

கராய். பேராக் ஆற்றின் மேல் 1900-இல் திறக்கப்பட்ட விக்டோரியா பாலம். வெள்ளீயம் ஏற்றிய ரயில்களுக்காகச் செங்கல் தூண்களின் மேல் கட்டிய இரும்புப் பாலம். இப்போது ரயில்கள் பக்கத்திலுள்ள புதுப் பாலத்தில் ஓடுகின்றன. விடியும் முன்பே சீனர், மலாய்க்காரர் என்று எட்டுப் பத்துப் பேர் முக்காலியோடு நின்றார்கள். எல்லோருக்கும் அண்ணனைத் தெரிகிறது. இந்த ஆற்றங்கரையில் எல்லோரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நிற்பது எனக்குப் பிடித்தது.

பாலத்துக்குள் நின்று தண்டவாளத்தை நேராக எடுப்பது எல்லோரும் எடுக்கும் படம். நானும் எடுத்தேன், அழகாகத்தான் இருந்தது. அண்ணன் கரையில் இறங்கி நீரோரம் கூட்டிப்போனார். பனிக்குள் தூண்கள் மட்டும் தெரிய, மேலே இரும்பு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு 30 விநாடி திறந்துவைத்ததும் ஆற்றின் சலனம் வழுவழுப்பானது. ஆனால் ஆற்றின் மேற்போக்கில் செண்டரோ அணை இருப்பதால் நீர்மட்டம் மாறலாம், பையைக் கரைக்குக் கீழே வைக்காதீர்கள் என்று எச்சரித்தார். ஒன்பது மணிக்குள் வெளிச்சம் கடினமாகிவிட்டது. திரும்பிவிட்டோம். மதியம் முழுக்கத் தூக்கம், மாலையில் இடி மழை.

திங்கள்

செம்பனையை யாரும் அழகு என்று சொல்வதில்லை. உள்ளே இருட்டு, எல்லா மரமும் ஒரே மாதிரி, எங்கே நின்றாலும் முட்டுகிறது. தம்பிதான் இன்றைய ஆசிரியர். தோட்ட அலுவலகத்தில் முந்தியே சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். அது இல்லாமல் காவல் கொட்டகையைத் தாண்டக்கூடாது, இது பலர் கவனிக்காத விஷயம்.

“அக்கா, இது முக்கோண நடவு” என்று ஒரு மரத்தடியில் நிறுத்தினார். மரத்துக்கு மரம் 9 மீட்டர், மூன்று பக்கமும் சமம். ஓர் எக்டருக்கு ஏறக்குறைய 140 மரம். மரத்தடியில் முதுகைச் சாய்த்து நின்று மெதுவாகத் திரும்பினேன். 60 பாகைக்கு ஒரு முறை காடு திறந்து, நேர்கோட்டில் ஒரு நடை தெரிந்து, மறுபடி மூடிக்கொண்டது. ஆறு வாசல். மர நிரைகளுக்கு இடையே ஒன்றுவிட்டு ஒன்றில் வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள், மற்றதில் குலை தள்ளும் பாதை சுத்தமாக இருக்கும். எந்தத் துண்டில் நேற்று அறுத்தார்கள் என்பது தம்பிக்குத் தெரியும், ஏனென்றால் குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அறுத்து முடித்த துண்டில் மட்டை பச்சையாக இருக்கும், பாதையில் சிந்திய பழம் செம்மஞ்சளாகக் கிடக்கும். அவ்வளவு பச்சைக்குள் கண்ணை நிறுத்த அந்த நிறம் போதும்.

வானம் மேகமாக இருக்கும்போதுதான் இங்கே எடுக்க வேண்டும். வெயில் என்றால் தரையில் வெள்ளைத் திட்டுகள், மேலே கரிய நிழல், காமிரா இரண்டையும் தாங்காது. நேற்றைய மழையில் மட்டைகள் ஈரம் காயாமல் பளபளத்தன. போலரைசர் ஃபில்டரைத் திருப்பத் திருப்ப அந்த வெள்ளைப் பளபளப்பு மறைந்து உள்ளிருந்த பச்சை வெளியே வந்தது. அது ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், ஆகவே கால் விநாடி, அரை விநாடி என்று நீளும். காற்று நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். மட்டை நுனி அசைவது நின்றதும் தம்பி “இப்ப” என்பார். லோரிக்காரருக்கு இவ்வளவு பொறுமையா என்று வியந்தேன். ஆலை வாசலில் வரிசையில் நின்று பழகியதாம்.

மாலையில் சாரின் மேட்டுக்குப் போனோம். இந்த வருடப் படத்தை எடுக்க அவர் காத்திருந்தார், என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கோயில், அதற்குப் பின்னால் செம்பனை, தூரத்தில் மலை, குறுக்கே மின்கம்பிகள். மேற்கிலிருந்து வந்த வெளிச்சம் கோபுரத்தில் பட்டது. எடுத்து முடித்ததும் கிழக்கு மலைமேல் இடி கேட்டது. மேட்டில் உலோக முக்காலியோடு நிற்கக்கூடாது என்று எல்லோரும் உடனே காடிக்குள் ஏறிவிட்டோம்.

காடிக்குள் வாக்குவாதம். கம்பிகளை மென்பொருளில் அழித்துவிட்டால் படம் சுத்தமாகும் என்றார் அண்ணன். இரண்டு நிமிட வேலை, கல்யாணப் படங்களில் தினமும் செய்கிறார். “லயத்துக்கு லைட் வந்த கம்பிப்பா அது, எப்படி அழிப்பே?” என்றார் சார். பார்ப்பவருக்கு அது தெரியாதே என்றார் அண்ணன். தெரிய வைக்கத்தான் படம் என்றார் சார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பல வருடமாக இதே சண்டையாம், தம்பி சொன்னார்.

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கண்ணுக்கு இடைஞ்சலான ஒரு குப்பைப் பையை நானும் அகற்றுவேன். ஆனால் சாரின் கோப்பைப் பார்த்த பிறகு என்னால் கம்பியை அழிக்க முடியாது. அந்த வரிசையில் எந்தப் படத்திலாவது எதையாவது அவர் அழித்திருந்தால், லயம் எப்போது போனது என்பதை நான் நம்பியிருக்க மாட்டேன். கம்பியோடுதான் என் படம். அண்ணனிடமே ஏ3 அளவில் இரண்டு பிரதி அச்சிடக் கொடுத்திருக்கிறேன், ஒன்று கோயிலுக்கு, இன்னொன்று பால்வெட்டும் அக்காவுக்கு அவருடைய படத்தோடு சேர்த்து. பின்பக்கம் எழுத வேண்டிய குறிப்பை இன்றிரவு சாரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளப் போகிறேன்.